ஸ்டார் போடாத வீட்டுக்கு விருந்துக்குப் போவது

ஜெபின் மக்களே,

போனில் சொல்லிவிடலாம் என்றுதான் பலமுறை எடுத்தேன். நான் பாதி சொல்வதற்குள் நீ மீதிக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறாய். அது உன் அப்பா வழி வியாதி. கடிதமென்றால் குறுக்கே பேச முடியாதல்லவா? முழுக்க வாசி, அப்புறம் என்னோடு சண்டைக்கு வா. இதை ஊரறிய எழுதுவதற்கும் காரணம் உண்டு. நீ பணம் கட்டியிருக்கும் அதே டூர் கம்பெனியில் நம் சபையிலிருந்தே இன்னும் சில குடும்பங்கள் போக இருக்கின்றன, அவர்களும் வாசிக்கட்டும். பயப்படாதே, உன் பெயரை மாற்றிவிட்டேன். உன் பெண்டாட்டியின் பெயர், என் அக்காவின் பெயர், அவள் மகன் பெயர், எல்லாமே வேறு. அக்கா பர்மாவில் எந்த ஊரில் இருக்கிறாள் என்பதை நான் சொல்லப் போவதில்லை. நம் வீட்டுக் கதையை நாமே எழுத இவ்வளவு மூடி மறைக்க வேண்டியிருக்கிறதே, அதை மட்டும் யோசித்துப் பார். கிறிஸ்மஸ் லீவுக்கு நீ எந்த மாதிரி இடத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறாய் என்பது பாதி விளங்கிவிடும்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரிலிருந்து நீயும் ஷாலினியும் வந்திருந்தபோது போனில் அந்தப் படங்களைக் காட்டினாயே, பனிக்குள் நூறு கோபுரம், மேலே பலூன், அதைப் பார்த்து உன் அப்பா, “அங்க பட்டாளத்து ஆட்சியாக்கும். அதுக்குள்ள எதுக்குடா போற?” என்று கேட்டார். நீ, “டூரிஸ்ட்டுக்கு ஒரு பிரச்சினையும் இல்லப்பா. போனவங்க வீடியோ போட்டிருக்கினும். எல்லாரும் சிரிச்சிட்டு இருக்கினும்” என்றாய். அப்போது அவரை வாயை மூடச் சொன்னது நான்தான். என் மனசில் கோபுரமும் இல்லை, பலூனும் இல்லை. நீ போனால் அக்காவைப் பார்ப்பாய், அவ்வளவுதான். ரோஸ்லி அக்கா கல்ஃபில் நர்ஸாக இருந்தபோது கூட வேலை பார்த்த பர்மாத் தமிழரைக் கட்டிக்கொண்டாள், மகன் நிக்சன் பள்ளிக்கூடம் போகும் வயசில் அவர் ஊருக்கே போய்விட்டாள். அப்போது அங்கே கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்த காலம், கடை போட்டார்கள், நன்றாகத்தான் இருந்தார்கள். வருஷாவருஷம் வருவேன் என்றவள். அத்தான் இறந்தார், பிறகு ஆட்சியைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது, அவள் வரவே இல்லை. உன் கல்யாணத்துக்கும் வரவில்லை. பந்தலில் வீடியோ காலில் உங்கள் இரண்டு பேரையும் பார்த்து, “ரெண்டு பேரும் எனக்க வீட்டுக்கு விருந்துக்கு வரணும், கேட்டியளா” என்று அவள் சத்தமாகச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நானும் ஆடினேன். கல்யாணம் கழிந்த பிள்ளைகளைச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் விருந்துக்கு அழைத்து இலை போடாமல் விட்டால் நம் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய குறை என்று உனக்குத் தெரியும். ஆரல்வாய்மொழியில் உன் அத்தை வீட்டு விருந்துக்கு ஒரு வாரம் பிந்திப் போனதற்கு இன்னும் பேச்சு கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரியம்மை வீட்டு விருந்துதான் பாக்கி, அதற்காகத்தான் என் மகன் பர்மா போகிறான் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். போட்டது போதும்! யாராவது வெளிநாடு போகிறான் என்றால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒருத்தி முந்திரிக்கொத்து, ஒருத்தி நேந்திரங்காய் சிப்ஸ், தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு கூடை கருவாடு. புதுக்கடையில் நம் துணிக்கடைக்குள் நைட்டி எடுக்க வந்தவர்கள் பொதியைப் பார்த்துவிட்டு, மகன் கல்ஃபுக்கா போறான் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். உன் அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு, “இந்தக் கருவாட்டுக்குத் தனி டிக்கட் எடுக்கணும்” என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அந்த நாட்டில் என்ன நடக்கிறது என்பதை நான் அறியாதவள் ஒன்றுமில்லை. அறிந்தும் அதை ஓரமாக வைத்துவிட்டேன்.

டிசம்பர் பிறந்ததும் தேதி சொல்வதற்காக அக்காவைக் கூப்பிட்டேன். லைன் கிடைப்பதே பாடு. கிடைத்ததும், பிள்ளைகள் கிறிஸ்மஸ் கழிந்து வருகிறார்கள், லாட்ஜ் எல்லாம் வேண்டாம், உன் வீட்டிலேயே தங்கட்டும் என்று நானே மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவள் சிரித்தாள். “வரட்டு மக்கா, வரட்டு. எனக்க பிள்ளையில்லியா” என்றாள். பிறகு கேட்டாள்: “ஏட்டி, வீட்டுல கிறிஸ்மஸ் ஸ்டார் போட்டாச்சா?”

“நேத்தே போட்டாச்சு. இந்தத் தடவை எல்இடி.”

“கொள்ளாம். நான் இங்க போடல்லட்டி. இந்த வருஷமும் போடல்ல.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? “சவத்த விடு, அங்க கிடைக்காதுன்னா ஜெபின்கிட்ட ஒண்ணு கொடுத்து விடுறேன்” என்று சொல்லிவிட்டு, ஷாலினிக்குச் சேலை, அளவு ப்ளவுஸ் என்று ஏதேதோ பேசினேன். போனை வைத்தபோது உன் அப்பா பக்கத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருந்தார். தலையை நிமிர்த்தி, “அங்க யாருட்டி செத்தது?” என்றார். ஒருத்தரும் சாகவில்லையே என்றேன். “பின்ன எதுக்கு ஸ்டார் போடல்லங்குறா?” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது மக்களே. நம் தெருவில் டிசம்பரில் நடந்தால் எந்த வீட்டில் துட்டி என்று யாரையும் கேட்கவே வேண்டாமே. எல்லா வீட்டிலும் ஸ்டார் எரியும், ஒரு வீடு மட்டும் இருட்டாகக் கிடக்கும். அந்த வருஷம் சாவு விழுந்த வீடு என்று தெரிந்துகொண்டு கேரல் பாடும் பிள்ளைகள்கூட அங்கே கொட்டடிக்காமல் ஒரு ஜெபம் மட்டும் பண்ணிவிட்டுப் போவார்கள். அந்த வீட்டில் யாரும் போய் விருந்து கேட்க மாட்டார்கள். அத்தான் இறந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, அதற்கு இப்போது ஸ்டார் போடாமல் இருக்க வேண்டியதில்லை. அப்படியென்றால் யார்? அவள் மகன் நிக்சனை நினைத்ததும் எனக்கு வெப்ராளமும் பதற்றமுமாக வந்துவிட்டது. அவளுக்கு அவன் ஒருவன்தான்.

மறுபடி லைன் கிடைக்கும் வரை நான் கடையில் யாருக்கு எதை வெட்டிக் கொடுத்தேன் என்றே தெரியாது. கிடைத்ததும் நிக்சன் எங்கே என்று நேராகவே கேட்டுவிட்டேன். “இருக்கான், நல்லா உறங்குறான். பகல் முழுக்க உறக்கம்தான்” என்றாள். பிறகு சும்மா பேச்சுவாக்கில் சொல்வது போல, “அவனுக்கு முடி இப்பம் நான்தான் வெட்டுறேன். கோணலும் மாணலுமாத்தான் வருது. யாரு பாக்கப் போறா” என்றாள். இருபத்து நாலு வயசுப் பையன், சின்ன வயசில் லீவுக்கு இங்கே வந்தால் முடி வெட்டும் அண்ணாச்சியிடம் கண்ணாடி வாங்கிப் பின்பக்கம்கூடப் பார்த்தவன், அம்மா கையால் முடி வெட்டிக்கொள்கிறான். அங்கே வயசுப் பையன்களை வலுக்கட்டாயமாகப் பட்டாளத்துக்குப் பிடிக்கிறார்கள் என்று நீதான் எனக்குச் செய்தி வாசித்துக் காட்டினாய். அவன் தெருவில் இறங்குவதே இல்லை. அந்த வீட்டில் அவன் இருப்பதே வெளியே தெரியக் கூடாது.

இனி நீ போய் அங்கே தங்கினால் என்ன ஆகும் என்று பார். ராத்தங்கும் விருந்தாளியின் பெயரை வார்டு ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும், எந்நேரமும் வந்து தலையை எண்ணிப் பார்ப்பார்கள் என்று அக்கா முன்பு ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். நான் அப்போது அதை ஒரு வேடிக்கைக் கதையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு நீங்கள் இரண்டு பேர் அந்தக் கதவுக்குள் கேறினால் உங்களுக்கு ஒன்றும் வராது. உங்களைத் தேடி வருகிறவன் இன்னொரு தலையையும் பார்த்துவிட்டுப் போவான். இதை அவள் என்னிடம் எப்படிச் சொல்வாள்? போனில் சொல்லப் பயம். பயம் இல்லாவிட்டாலும் அவளுக்கு வாய் வராது. தங்கச்சி மகனை, புதுப்பெண்ணோடு வருகிறவனை, ‘வராதே’ என்று சொல்ல நம் பக்கத்தில் பிறந்த எந்தப் பொம்பளைக்காவது நாக்கு புரளுமா? அதனால் வா என்று வாயால் சொன்னாள், ஸ்டார் போடவில்லை, அதாவது இது விருந்துக்கு வரும் வீடு இல்லை, என்று சேர்த்துச் சொன்னாள். அதில் ஏதோ இருக்கிறது என்று ஒரே நொடியில் பிடித்துக்கொண்டது உன் அப்பா. கூடப் பிறந்தவள் நான் ப்ளவுஸ் பேசிக்கொண்டிருந்தேன்.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். பெரியம்மை வீட்டுக்குப் போகவில்லை, ஹோட்டலில் இருந்துவிட்டு, கோபுரம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்பாய். உனக்கு நாகர்கோவில் மாமாவின் கதை ஞாபகமில்லையா? நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்குக் கண் ஆபரேஷனுக்காகப் போய், அவர்களுக்கு எதற்குச் சிரமம் என்று ஒரு லாட்ஜில் ரூம் எடுத்தோம். எப்படியோ தெரிந்து மாமா வந்தார். கட்டிலுக்கடியில் இருந்த நம் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கிவிட்டார். கண்ணில் கட்டோடு அப்பா, பின்னால் நான், அதற்கும் பின்னால் உன் ஒற்றைச் செருப்போடு நீ. லாட்ஜ்க்காரன் நாங்கள் வாடகை கொடுக்காமல் ஓடுகிறோம் என்று நினைத்துக் கத்திய கத்து! அந்த மாமாவுக்கும் ரோஸ்லி அக்காவுக்கும் ஒரே ரத்தம்தான். நீ அந்த நாட்டில் இறங்கியிருக்கிறாய் என்று தெரிந்தால் அவள் வீட்டில் இருப்பாளா? எந்த ஹோட்டலாக இருந்தாலும் கேரியரில் சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். வழியில் எத்தனை இடத்தில் நிறுத்திக் கேட்பார்கள், அவளிடம் என்ன கேட்பார்கள், அவள் என்ன உளறுவாள்? அவள் வெளியே இருக்கும் நேரத்தில் அந்த வீட்டில் அவன் தனியாக இருப்பான். எனக்கு நினைக்கவே பயமாக இருக்கிறது.

சரி, பெரியம்மையிடம் சொல்லவே வேண்டாம், ரகசியமாகப் போய் வருகிறேன் என்பாயா? போகலாம். நம் குடும்ப குரூப்பில் ரகசியம் தங்கும் என்றால் போகலாம். ஆனால் அதற்கும் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. எல்லாரும் சிரித்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று நீ சொன்னாயே, என் அக்காவும் சிரித்துக்கொண்டுதான் ‘வரட்டு மக்கா’ என்றாள். படகோட்டி சிரிப்பான், ஹோட்டலில் காப்பி கொண்டுவரும் பெண் சிரிப்பாள், கைடு உன்னை வாருங்கள் வாருங்கள் என்பான். அவர்கள் வீட்டில் ஸ்டார் இருக்கிறதா இல்லையா என்று உனக்குச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கு ஸ்டார் போடும் பழக்கமே கிடையாது. நான் கூடப் பிறந்தும் எனக்கே விளங்கவில்லை, நாலு நாள் தங்கும் உனக்கு எங்கே விளங்கும்? நீ கொடுக்கும் ரூம் வாடகையில் எவ்வளவு அந்தக் காப்பிக்காரிக்குப் போகும், எவ்வளவு துப்பாக்கிக்காரனுக்குப் போகும் என்பதும் உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

உன் மறுபேச்சு இன்னொன்றும் எனக்குத் தெரியும். அப்பாவிடமே கேட்டாயாமே, “நீங்க இத்தன வருஷம் கல்ஃப்ல இருந்தீங்களே, அங்க ஓட்டு போட்டா ஆட்சி நடந்துது? அந்தக் காசில்தானே நான் படிச்சேன்” என்று. அவர் அன்றைக்கு ராத்திரிச் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. என்னிடம், “வேலைக்குப் போறது வேற, பாக்கப் போறது வேற” என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, அது முழுப் பதில் ஆகாது என்று அவரே தலையை ஆட்டிக்கொண்டார். பசிக்குப் போனவனை யாரும் கேள்வி கேட்க முடியாது என்பது என் கட்சி. ஆனால் வீடு கட்டியபிறகும், கடை வைத்தபிறகும் அவர் போனாரே, அது எந்தப் பசி? உன் கேள்வி நியாயமானதுதான். அதற்காக உன் அப்பாவிடம் அதை அந்தத் தொனியில் கேட்டது சரியில்லை, அதற்குத் தனியாக உன்னைத் திட்டுவேன்.

இன்னும் ஒன்று என்னை அரிக்கிறது, அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். சுனாமியில் கடல் ஏறின வருஷம் கடையில் இருந்த துணியெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு தேங்காய்ப்பட்டணம் பக்கம் போனோம், நீ சின்னவன். நமக்கு முன்னாலேயே எங்கெங்கிருந்தோ கார் கார்களாக வந்து, இடிந்த வீட்டின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அங்கே ஒரு பெண், என் வயசுதான் இருக்கும், நாம் கொடுத்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவர்களுக்கெல்லாம் வெட்கம் இல்லையா என்று நான் அவளிடம் பொரிந்தேன். அவள் சொன்னாள்: “வேடிக்கை பாக்க வந்தவியளும் வந்தினும், சோறு கொண்டு வந்தவியளும் வந்தினும். ரெண்டும் ஒரே ஆளுவதான் அக்கா. வந்து பாத்தபிறகுதான் சோறு வந்துது.” இப்போதும் அவள் முகம்தான் வருகிறது. யாரும் போகாமல், யாரும் பாராமல் விட்டுவிட்டால் ரோஸ்லி அக்கா இருக்கும் தெருவை உலகத்தில் யார் நினைக்கப் போகிறார்கள்? போகாமல் இருப்பது நல்லதா, கை கழுவுவதா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. தேங்காய்ப்பட்டணத்தில் அந்தப் பெண்ணால் பிடிக்காதவனைப் போ என்று சொல்ல முடிந்தது, என்னிடம் மனசில் பட்டதைப் பேசவும் முடிந்தது. அக்காவால் முடியவில்லை. எனக்குத் தெரிந்த வித்தியாசம் இவ்வளவுதான், இதை வைத்துக்கொண்டுதான் முடிவு எடுத்தேன்.

ஆமாம், முடிவு எடுத்துவிட்டேன், உன்னைக் கேட்காமலே. கோபப்படுவாய், படு. நேற்று அக்காவிடம் நீ வரவில்லை என்று சொல்லிவிட்டேன். டிக்கட் உன்னுடையது, கால் உன்னுடையது, நாளைக்கே நீ போனாலும் உன்னைக் கட்டிப்போட எனக்கு வயசில்லை. போனால் நான் உன்னோடு பேசாமல் இருக்கவும் மாட்டேன், அவ்வளவு வைராக்கியம் எனக்குக் கிடையாது. ஆனால் அவள் நீ வருவாய் என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டு இருக்கக் கூடாது. என் மகன் வருகிறான் என்று என் அக்கா பயப்படும்படி ஆகிவிட்டதே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ அவளைப் பார்க்க வேண்டும் என்று உன்னைவிட எனக்குத்தான் ஆசை. அவள் கையைப் பிடித்துப் பார்த்து, மெலிந்திருக்கிறாளா என்று எனக்குச் சொல்ல ஒருவன் வேண்டும் என்று எவ்வளவு ஏங்கினேன் தெரியுமா?

“ஜெபினுக்கு லீவு கிடைக்கல்லக்கா” என்று பொய் சொன்னேன். “கிடைக்காது, கிடைக்காது, வருஷக் கடைசியில்லியா, எப்படிக் கிடைக்கும்” என்று அவள் என் வாயிலிருந்து வார்த்தை முழுசாக வருவதற்குள் சொன்னாள். அவள் மூச்சு விட்டது எனக்கு இங்கே கேட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டுதான் பொய் பேசினோம். அப்புறம் அவள் அழுகிறாளோ என்று நினைத்தேன், அழவில்லை. “ஏட்டி, அந்தப் பிள்ளை கோயம்புத்தூர்க்காரியில்லியா? அவளுக்கு மீன் பிடிக்குமா?” என்று கேட்டாள். ஷாலினி நம் வீட்டுக்கு மருமகளாக வந்து இத்தனை மாசமாயிற்று, இலையில் வைத்ததை எல்லாம் சிரித்துக்கொண்டே தின்கிறாள், பிடிக்குமா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தெரியாது என்றேன். “நீயெல்லாம் ஒரு மாமியாரு! கேட்டுச் சொல்லுட்டி. விருந்துக்கு என்ன வைக்கணும்னு எனக்குத் தெரியாண்டாமா?” என்றாள்.

அவளிடம் கேட்டு எழுது மக்களே. பிடிக்கும் என்று சொன்னால் உடனே நம்பிவிடாதே, இரண்டு தரம் கேள்.

உன் அம்மை